மின்னூலுக்குப் பூட்டு தேவையா?

மின்வாசகன்:
காசு கொடுத்து வாங்கிய மின்னூலில் டிஆர்எம் என்கிற நகல்தடுப்புப் பூட்டு இருந்தால், அந்தக் கடையின் செயலியிலோ கருவியிலோதான் படிக்க முடிகிறது. கடையே மூடிவிட்டால்? 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கிய நூல்கள் திறக்காமலே போயின. பூட்டில்லாமல் விற்பதுதான் நேர்மை.

சிறுபதிப்பாளர்:
முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்களே, அதையும் சொல்லுங்கள். எங்கள் நூல் வந்த வாரமே அரட்டைக் குழுக்களில் சுற்றத் தொடங்குகிறது. மெய்ப்புப் பார்த்தவருக்கும் அட்டை வடிவமைத்தவருக்கும் விற்பனையிலிருந்துதானே கொடுக்க வேண்டும்?

மின்வாசகன்:
பணம் வந்தது, சரி. ஓரக் குறிப்பு எழுதியிருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் தந்தார்கள். வருடக்கணக்கில் எழுதிய குறிப்புகளுக்கு அது ஈடாகுமா? அப்புறம், உங்கள் நூலின் பூட்டை ஒருவர் ஒருமுறை உடைத்தால் போதும், சுற்றுவதெல்லாம் பூட்டில்லாத பிரதிதான். பூட்டோடு மல்லுக்கட்டுவது காசு கொடுத்தவர் மட்டுமே.

சிறுபதிப்பாளர்:
உடைக்கத் தெரிந்தவரைத் தடுக்க முடியாதுதான். என் கவலை, நல்ல மனதோடு பத்து நண்பர்களுக்கு அனுப்புகிறவரைப் பற்றி. அவருக்குத் திருடும் எண்ணமே கிடையாது. அச்சு நூலை இரவல் கொடுத்தால் அது திரும்பி வரும்வரை நம் கையில் இருக்காது. கோப்பு அப்படியல்ல. அந்த இடத்தில் ஒரு சின்னத் தடை வேண்டும்.

பக்கம்புரட்டி:
அதற்கு நீர்க்குறி போதுமே. வாங்கியவரின் பெயரோ பரிவர்த்தனை எண்ணோ கோப்புக்குள் இருக்கும். எதிலும் திறக்கலாம், ஆனால் கண்டபடி பரப்பத் தயங்குவார்கள். ஆங்கிலத்தில் அறிவியல் புனைவு நூல்களை வெளியிடும் டோர் பதிப்பகம் 2012இல் பூட்டையே எடுத்துவிட்டது. திருட்டுப் பிரதிகள் கூடியதாகத் தெரியவில்லை என்று ஓராண்டு கழித்து அவர்களே சொன்னார்கள்.

சிறுபதிப்பாளர்:
டோர் பெரிய நிறுவனம். ஒரு நூல் சில நூறு பிரதிகள் மட்டும் விற்கும் எங்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

மின்வாசகன்:
சின்னப் பதிப்பகத்துக்குத்தான் பூட்டு அதிக ஆபத்து. சாவி இருப்பது கடையிடம், உங்களிடம் இல்லை. உங்கள் நூல்களை ஒரே கடையில் வாங்கிச் சேர்த்தவர் வேறு கருவிக்கு மாற முடியாது. அவர் மாறாதவரை நீங்களும் அந்தக் கடையை விட்டு நகர முடியாது. நாளைக்குக் கமிஷனைக் கூட்டினால் என்ன செய்வீர்கள்? அமேசானில்கூட நூலைப் பதிவேற்றும்போதே பூட்டு வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கிறது.

சிறுபதிப்பாளர்:
கடையைச் சார்ந்திருப்பது எனக்கும் பயம்தான். பழைய நூல்களை நீர்க்குறியோடு எங்கள் தளத்திலேயே விற்றுப் பார்க்கலாம். புது நூலுக்கு முதல் ஆறு மாதம் பூட்டு இருக்கும். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மின்வாசகன்:
முதல் வாரமே வாங்குகிறவர் உங்களை நம்பி வாங்குகிறவர். ஆறு மாதம் கழித்து அவருக்கும் பூட்டில்லாத கோப்பு கிடைக்குமா?