மறு: கோல்ஃப் கலைச்சொற்கள் – ‘தற்செயல் பந்தசைவு’ பொருந்துமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

> ‘தற்செயல் பந்தசைவு’ எல்லோருக்கும் புரியும். இதையே வைத்துக்கொள்வோம்.

நின்றிருக்கும் கோல்ஃப் பந்து இடம் மாறிவிடுவதைக் குறிக்க நம் கலைச்சொல் பட்டியலுக்கு முன்மொழிந்த இந்தச் சொல் புரியும்தான். ஆனால் விதியைத் தவறாகப் புரியவைக்கும்.

முதலில் ‘அசைவு’. நின்றிருக்கும் பந்து சற்றே ஆடிவிட்டுப் பழைய இடத்திலேயே நிலைத்தால் கோல்ஃப் விதிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இடம் விட்டு வேறிடத்தில் போய் நின்றால்தான், அதுவும் வெறுங்கண்ணுக்குத் தெரிந்தால்தான் வழக்கு. கிளை காற்றில் அசைகிறது; மரம் பெயர்ந்து விழுகிறது. நமக்கு வேண்டியது இரண்டாவது வினை.

‘பெயர்’ (இடம் மாறு) என்ற வினைவேரில் இன்னொரு வசதியும் உண்டு. சென்னை நந்தனம் கோல்ஃப் திடலில் பிற்பகல் கடற்காற்று பந்தைத் தள்ளினால் தண்டனை இல்லை. பெரும்பாலும் நின்ற புது இடத்திலிருந்தே ஆடலாம். அது பெயர்வு. ஆட்டக்காரரின் காலோ மட்டையோ பட்டு நகர்ந்தால் ஓர் அடி தண்டனை (அவருடைய அடிக்கணக்கில் ஒன்று கூடும்), பந்தைப் பழைய இடத்தில் வைக்கவும் வேண்டும். அது பெயர்ப்பு. தன்வினை, பிறவினை இரண்டையும் பள்ளியில் மனப்பாடம் செய்ததற்கு இப்போதாவது பயன் கிடைக்கட்டும். காகம் பந்தைத் தூக்கிப் போனால் அதுவும் பெயர்ப்புதானே என்று கேட்பீர்கள். ஆம், அங்கே பந்தைத் திரும்ப வைத்தால் போதும், தண்டனை இல்லை. ஆகவே தண்டனைக்குரியதை ‘ஆட்டக்காரர் பெயர்ப்பு’ என்று முழுதாகச் சொல்லிவிடலாம். மொழிபெயர்ப்போடு குழம்பும் என்ற அச்சம் எனக்கில்லை. கோல்ஃப் திடலில் யாரும் மொழிபெயர்ப்பதில்லை.

அடுத்து ‘தற்செயல்’. இது தலைச்சொல்லில், அதாவது பட்டியலில் இடம்பெறும் சொல்லில், வரவே கூடாது. பொதுவிதியில் தவறிப் பட்டாலும் வேண்டுமென்றே தள்ளினாலும் அதே ஓர் அடிதான். தொலைந்த பந்தைத் தேடும்போது, பந்து கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள குறும்புல் பரப்பில்) நிற்கும்போது, விதிப்படி ஏதேனும் செய்துகொண்டிருக்கும்போது, இப்படிச் சில விலக்குகளில்தான் தற்செயலா என்ற கேள்வியே எழுகிறது. கிரீன் விலக்கும் அண்மைக் காலத்தது. 2016 அமெரிக்க ஓப்பன் இறுதிச் சுற்றில், ஓக்மான்ட் திடலின் 5ஆம் கிரீனில் ஆட்டக்காரர் டஸ்டின் ஜான்சனின் பந்து இம்மி நகர்ந்தது. ஆட்டம் முடிந்த பிறகு ஓர் அடி தண்டனை விதித்தார்கள். அப்படியும் மூன்று அடி முன்னிலையில் வென்றார். 2017இல் உள்ளூர் விதியாக வந்த அந்த விலக்கு, 2019இல் பொதுவிதியில் சேர்ந்தது. தலைச்சொல்லிலேயே ‘தற்செயல்’ என்று எழுதினால், தெரியாமல் பட்டால் மன்னிப்பு என்றே வாசகர் எடுத்துக்கொள்வார்.

தண்டனையாகக் கூடும் அடிக்கு முன்மொழிந்த ‘தண்ட அடி’ பற்றி: இலங்கையில் ‘தண்ட உதை’ (பெனால்டி கிக்) கால்பந்தில் வழங்குகிறது, மறுக்கவில்லை. சென்னைக் காதில் ‘தண்டம்’ என்றால் வீண். வீணாய்ப் போன அடி என்ற பொருளும் ஒட்டிக்கொள்வதால் நான் அதற்கே வாக்களிக்கிறேன்.

மிஞ்சுவது, பந்தைப் பழைய இடத்தில் வைப்பதற்கான சொல். ‘மீள்வைப்பு’ என்கிறேன். அதைச் செய்யாமல் ஆடினால் அடிக்கணக்கு ஆட்டத்தில் (ஸ்ட்ரோக் பிளே) மொத்தம் இரண்டு தண்ட அடி. குழிக்குக் குழி வெற்றி கணக்கிடும் நேருக்கு நேர் ஆட்டத்தில் (மேட்ச் பிளே) அந்தக் குழியே எதிராளிக்கு. இதைவிடச் சுருக்கமாக யாரிடமேனும் இருந்தால் எழுதுங்கள்.