லெகாட்டோவில் இறங்கும்போது சுரங்கள் மங்குவது ஏன்?

கேள்வி: மூன்றாம்_தந்தி

நண்பர்களுக்கு வணக்கம். சில ஆண்டுகளாக அக்கூஸ்டிக் கிட்டாரில் பாடல்களுக்குக் கார்டு வாசித்துவந்த நான், அண்மையில் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மாறி லெகாட்டோ (ஒவ்வொரு சுரத்தையும் மீட்டாமல் சுரங்களை இணைத்து வாசிக்கும் முறை) பழகி வருகிறேன். ஜி மேஜர் ஸ்கேலைத் தந்திக்கு மூன்று சுரம் என்ற அமைப்பில் எடுத்துக்கொண்டேன். ஆறாம், ஐந்தாம் தந்திகளில் 3-5-7 (இவை ஃப்ரெட் எண்கள், அதாவது கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பிகளின் எண்கள்), நான்காம், மூன்றாம் தந்திகளில் 4-5-7, இரண்டாம், முதல் தந்திகளில் 5-7-8 என்று வைத்து, ஒவ்வொரு தந்தியிலும் முதல் சுரத்தை மட்டும் பிக்கால் மீட்டி, மற்ற இரண்டையும் இடக்கையாலேயே எழுப்புகிறேன்.

ஏறும்போது ஹாமர்-ஆன் (விரலைத் தந்திமேல் தட்டிச் சுரம் எழுப்புவது) ஓரளவு சீராக வருகிறது. இறங்கும்போதுதான் சிக்கல். புல்-ஆஃப் செய்த (விரலை விலக்கி அடுத்த சுரத்தை எழுப்பிய) சுரம் சில இடங்களில் மங்கியும், சில இடங்களில் 'டொயிங்' என்று துள்ளியும் கேட்கிறது. போதாக்குறைக்கு அடுத்த தந்தியும் கூடவே ஒலிக்கிறது. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனைக் கூட்டினால் மங்கல் மறைகிறது, ஆனால் இரைச்சல் பெருகுகிறது. என் விரலில் வலு போதவில்லையா, முறையே தவறா? பயிற்சியைக் கிளீன் டோனில் வைத்துக்கொள்வதா, டிஸ்டார்ஷனிலா?

பதில்: பழைய_ஆம்ப்

வலுக் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. அப்படியானால் ஏறும்போதே தெரிந்திருக்கும். ஹாமர்-ஆனில் ஒலியின் அளவைத் தீர்மானிப்பது விரல் எவ்வளவு அழுத்துகிறது என்பதன்று, எவ்வளவு வேகமாக வந்து விழுகிறது என்பதே. ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டிப் பின்னால் விழுந்தால் சிறிய அசைவே போதும்.

புல்-ஆஃப் வேறு வகை. அங்கே பிக்கின் வேலையை இடக்கை விரலே செய்கிறது. 8ஆம் ஃப்ரெட்டில் இருக்கும் சுண்டுவிரலை நேராகத் தூக்கிவிட்டால், ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருக்கும் அதிர்வின் மிச்சந்தான் 7ஆம் ஃப்ரெட்டில் கேட்கும். உங்கள் மங்கலுக்குக் காரணம் அதுதான். விரல்நுனி தந்தியைத் தரையை நோக்கி மிகச் சிறிதளவு இழுத்துவிட வேண்டும். அளவுக்கு மீறி இழுத்தாலோ, கீழே நிற்கும் விரலும் தந்தியோடு சேர்ந்து நகர்ந்து, சுருதி ஒரு கணம் ஏறி இறங்குகிறது. 'டொயிங்' அங்கிருந்து வருகிறது. ஆகவே நீங்கள் கண்காணிக்க வேண்டியது இழுக்கும் விரலை அன்று, நிற்கும் விரலை.

இரண்டாம் தந்தியில் 8-7-5 என்று மட்டும் மிக மெதுவாக வாசித்துப் பாருங்கள். சுண்டுவிரல் விலகுவதற்கு முன்பே மோதிரவிரலும் ஆள்காட்டிவிரலும் தத்தம் ஃப்ரெட்டில் அழுந்தி நிற்க வேண்டும். அது விலகிய பிறகு இவை இடம் தேடினால் நடுவில் ஓர் ஓட்டை விழும். மோதிரவிரலின் தசைநாண்கள் பக்கத்து விரல்களோடு பிணைந்திருப்பதால், 7-8 என்ற இந்த இணைதான் எல்லோருக்கும் கடைசியாக வசப்படுகிறது.

அடுத்த தந்தி ஒலிப்பதற்குக் காரணம், இழுத்து முடித்த விரல் தரைப்பக்கத்துத் தந்தியில் போய் இடிப்பது. ஆள்காட்டிவிரலைச் செங்குத்தாக நிறுத்தாமல் சற்றுப் படுக்கவைத்தால், அதன் அடிப்பக்கம் மெல்லிய தந்திகளை மூடிக்கொள்ளும், நுனி மேலேயுள்ள தடித்த தந்தியைத் தொட்டு அடக்கும். அதற்கும் மேலே இருப்பவற்றை வலது உள்ளங்கையின் ஓரத்திடம் விட்டுவிடலாம். கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் நட்டுக்கு அருகே துணி வளையம் சுற்றிக்கொண்டு ஒலிப்பதிவு செய்பவர்கள் உண்டு. பழகும் காலத்தில் அதை மாட்டினால் கை சோம்பேறியாகிவிடும்.

பதில்: நீலக்_கெயின்

மேலே சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் நேராகத் தூக்குவது எப்போதும் பிழை என்று கொள்ள வேண்டாம். 1946இல் பிராட்ஃபோர்டில் பிறந்து 2017இல் மறைந்த ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த்தின் வாசிப்பைக் கேளுங்கள். சாக்ஸஃபோன் வாசிக்க விரும்பி, ஜான் கோல்ட்ரேனின் இசையில் தோய்ந்த அவர், தந்தி பக்கவாட்டில் இழுபடும் ஒலியை விரும்பாமல், இறங்கும் சுரங்களிலும் அந்த இழுப்பைத் தவிர்த்து விரல்களை மேலிருந்து தட்டியே எழுப்பும் வழியை வளர்த்துக்கொண்டார். கெயினும் (டிஸ்டார்ஷனைக் கூட்டும் அளவு), தந்திகள் ஃப்ரெட்டுகளுக்கு நெருங்கியிருக்கும் தாழ்வான ஆக்‌ஷனும் அதற்குத் துணை நிற்கின்றன. தொடக்கத்திலேயே அங்கே போகச் சொல்லவில்லை. இழுத்தே தீர வேண்டும் என்பது விதியன்று என்கிறேன், அவ்வளவுதான்.

டோனைப் பொறுத்தவரை, இரண்டும் வேண்டும், இரண்டின் பயனும் வேறு. டிஸ்டார்ஷன் உரத்த சுரத்தையும் மெல்லிய சுரத்தையும் ஏறத்தாழ ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுவதால், சீரின்மை கிளீன் டோனில்தான் அம்பலமாகும். மறுபுறம், அடக்காமல் விட்ட தந்தி கிளீன் டோனில் காதுக்கு எட்டாமலே போய்விடும். ஒரே நான்கு பார் (தாளச் சுற்று) பகுதியை முதலில் கிளீனிலும், உடனே கெயினைக் கூட்டியும் வாசித்து ஒப்பிடுங்கள்.

தந்தியையும் ஒருமுறை பாருங்கள். அக்கூஸ்டிக்கின் 12 கேஜ் (தடிமன்) தந்தியில் பழகிய கை, எலெக்ட்ரிக்கின் 9 கேஜ் தந்தியைத் தேவைக்கு மேல் இழுக்கும். உங்கள் துள்ளலில் பாதி அந்தப் பழக்கமாக இருக்கலாம். வீணையில் ஒரே மீட்டில் பல சுரங்கள் எழுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு லெகாட்டோவின் ஒலி புதிதன்று என்றாலும், அங்கே வேலை பெரும்பாலும் தந்தியை இழுப்பதிலும் விரலைச் சறுக்குவதிலும் நடப்பதால், அந்த விரல் பழக்கத்தை இங்கே அப்படியே கொண்டுவர இயலாது.

பதில்: தகிட_தகதிமி

ஒலியைப் பற்றி நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். யாரும் தாளத்தைத் தொடவில்லை. தந்திக்கு மூன்று சுரம் என்பதால் கை தானாகவே 'தகிட, தகிட' என்று விழும். பிக் படும் சுரம் சற்று உரத்துக் கேட்பதால் அதுவே அழுத்தமாகிவிடும். பாடல் கேட்பதோ பெரும்பாலும் நான்கு நான்காக விழும் 'தகதிமி'. மெட்ரோனோமை 60இல் வைத்து, வாயால் தகதிமி சொல்லிக்கொண்டே அதே ஸ்கேலை வாசியுங்கள். முதல் தட்டில் பிக் விழும், இரண்டாம் தட்டு ஐந்தாம் தந்தியின் நடுச் சுரத்தில் விழும், மூன்றாம் தட்டு நான்காம் தந்தியின் கடைசிச் சுரத்தில் விழும். பிக்குக்கும் தட்டுக்கும் உள்ள இந்தப் பிணைப்பு அறுந்த பிறகுதான், எந்தச் சுரம் ஓடுகிறது, எந்தச் சுரம் தேங்குகிறது என்பது உங்களுக்குக் கேட்கத் தொடங்கும். வேகத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மீண்டும்: மூன்றாம்_தந்தி

மூவருக்கும் மிக்க நன்றி. 8-7-5 வாசித்துப் பார்த்ததில், சுண்டுவிரல் விலகும்போது மோதிரவிரல் தரைப்பக்கம் சாய்வது கண்ணுக்கே தெரிகிறது. ஒரு துணைக் கேள்வி: ஆறாம் தந்தியின் 3-5-7க்கு நடுவிரலா, மோதிரவிரலா? எதை வைத்தாலும் முன்கையில் வலி எடுக்கிறது.

பதில்: பழைய_ஆம்ப்

ஆள்காட்டி, நடு, சுண்டு என்று வைப்பதே என் பரிந்துரை. பலவீனமான மோதிரவிரல்-சுண்டுவிரல் இணை அங்கே தவிர்ந்துவிடும். கட்டைவிரலைக் கழுத்தின் மேலே தொங்கவிடாமல் பின்புறத்தின் நடுவில் வைத்தால் விரல்கள் எளிதாக விரியும். வலி எடுத்தவுடன் நிறுத்திவிடுங்கள், தாங்கிக்கொண்டு வாசிப்பதில் பயனில்லை. ஃப்ரெட்டுகள் நெருங்கியிருக்கும் பகுதியில் இதே அமைப்பைச் சி மேஜராக 8-10-12இல் தொடங்கிப் பழகி, கை இளகிய பிறகு ஒவ்வொரு ஃப்ரெட்டாகக் கீழே கொண்டுவாருங்கள்.