குடும்பத்தோடு மண்பாதையில் போக, பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி எதை வாங்கலாம்?

கோட்டையூர்க்காரன்:

அனைவருக்கும் வணக்கம். நான், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், எங்கள் ஆத்தா என்று வீட்டில் ஐந்து பேர். ஆத்தாவுக்கு முழங்கால் வலி. இப்போது இருப்பது சின்ன கார். ஐப்பசி, கார்த்திகை மழையில் திருமயம் பக்கம் இருக்கும் எங்கள் தோப்புக்கு அதில் போக முடிவதில்லை. பாதை முழுக்கச் செம்மண், நடுவில் மேடு, காரின் அடிப்பாகம் தட்டிக்கொண்டே வரும். குலதெய்வக் கோவிலுக்குக் கண்மாய்க் கரை வழியாகத்தான் போக வேண்டும். பாதி வழியில் காரை நிறுத்திவிட்டு ஆத்தாவை டிராக்டரில் ஏற்றி அனுப்புகிறோம். அது எனக்கு மனது ஒப்பவில்லை.

விடுமுறை நாட்களில் பிரான்மலை அடிவாரம், தொண்டிக் கடற்கரை, கொஞ்சம் தள்ளி சிறுமலை, மேகமலை என்று பிள்ளைகளை அழைத்துப் போகவும் ஆசை.

கையில் பத்து லட்சம் வரை இருக்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளில் பழைய தார், ஸ்கார்பியோ ஃபோர் பை ஃபோர், டஸ்டர் ஏடபிள்யூடி, ஜிம்னி என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மதுரையில் ஒருவர் 2014 தார் ஒன்றைக் காட்டினார். "ஃபோர் வீலை ஒருமுறைகூடப் போட்டதில்லை, புதிதாகவே இருக்கிறது" என்றார். வாங்கலாமா?

செக்காலைப் பட்டறை:

தம்பி, அந்த மதுரைக்காரர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். ஒருமுறைகூடப் போட்டதில்லை என்பது நல்ல சேதி அல்ல. ஃபோர் வீல் போடும் சின்ன கியர் கம்பிக்குக் கீழே டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று தனிப் பெட்டி இருக்கிறது. முன் சக்கரத்துக்கு விசையைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். வருடக்கணக்கில் அசைக்காமல் விட்டால் இணைப்புக் கம்பிகள் துருப்பிடித்து இறுகும், சீல்கள் காய்ந்து ஆயில் கசியும், முன் சக்கரத்தை இணைக்கும் ஹப் பிடிக்காமல் போகும். நீங்கள் சேற்றில் நிற்கும் அன்றைக்குத்தான் அது தெரியவரும். மாதம் ஒருமுறையாவது மண்தரையில் போட்டு ஓட்டிய வண்டியைத் தேடுங்கள். எஸ்டேட்டில் உழைத்த வண்டி, உடம்பில் கீறல் இருந்தாலும் பரவாயில்லை.

அடுத்தது இருக்கை. 2014 தாரில் பின்னால் இருப்பது பக்கவாட்டுப் பலகை. பிள்ளைகளை அதில் உட்கார வைத்து மலைப்பாதையில் போக நான் சொல்ல மாட்டேன். 2020-இல் வந்த புதிய தாரில் பின் இருக்கை முன்நோக்கி இருக்கிறது. ஆனாலும் மூன்று கதவுதான். முன் இருக்கையை மடக்கித்தான் பின்னால் ஏற வேண்டும். 2023-இல் வந்த ஜிம்னிக்கு ஐந்து கதவு. எடை குறைவு, மெதுவாக, அதிக இழுவையோடு போக லோ கியர் உண்டு, மணலில் அருமையாகப் போகும். ஆனால் நான்கு பேர் வண்டி. ஐந்து பேர் வீட்டுக்கு நான்கு பேர் வண்டி வாங்கினால் யாரோ ஒருவர் வீட்டில் தங்க வேண்டும். அது ஆத்தாவாகத்தான் இருக்கும்.

ஆக, உங்களுக்கு ஸ்கார்பியோ அல்லது டஸ்டர். என் ஓட்டு ஸ்கார்பியோவுக்கு. உடம்புக்குக் கீழே தனி இரும்புச் சட்டம் (சேசிஸ்), லோ கியர், காரைக்குடியிலேயே உதிரிபாகம் கிடைக்கும். ஒன்றில் மட்டும் கவனம்: சாலையில் ஓடும் பழைய ஸ்கார்பியோக்களில் பெரும்பாலானவை பின்சக்கர இயக்கம் மட்டுமே உள்ளவை. ஃபோர் பை ஃபோர் ஸ்டிக்கர் எந்தக் கடையிலும் கிடைக்கும். குனிந்து முன் சக்கரங்களுக்கு நடுவே பாருங்கள். விசையை இரு சக்கரத்துக்கும் பிரிக்கும் டிஃபரன்ஷியலும், அதிலிருந்து இரு பக்கமும் ஆக்ஸில் ஷாஃப்ட்டும் இருக்க வேண்டும்.

டஸ்டர் ஏடபிள்யூடி 2014-இல் வந்தது. பள்ளத்தில் குலுங்காமல் போகும், ஆத்தாவுக்குச் சுகமாக இருக்கும். லோ கியர் கிடையாது, அதற்காகவே முதல் கியரைச் சிறிதாக வைத்திருக்கிறார்கள். செம்மண் பாதைக்கு அது போதும். களியில் வெகுநேரம் உழன்றால் பின்சக்கரத்துக்கு விசையை இணைக்கும் கப்ளிங் சூடேறும். அந்த ஏடபிள்யூடி மாடல் 2020-இல் நின்றுவிட்டதால் பின்னச்சுச் சாமான்களுக்குக் காத்திருக்க நேரலாம்.

எதைப் பார்க்கப் போனாலும் இதைச் செய்யுங்கள். முன், பின் டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றிலும் ஆயில் பிளக்கைத் திறந்து விரலில் தொட்டுப் பாருங்கள். பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பேரிங்குகள் எவ்வளவு நாள் அப்படி ஓடின என்பதை யாராலும் சொல்ல முடியாது, விட்டுவிடுங்கள். அச்சுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கையால் முறுக்கினால் அதன் முனையில் இருக்கும் யூ ஜாயின்ட்டில் ஆட்டம் தெரியக்கூடாது. நான்கு டயரும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம். முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என்று அளவு மாறிய டயரோடு ஃபோர் வீல் போட்டு ஓட்டியிருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடி வாங்கியிருக்கும்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சுருளுக்குள் இருக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை. அங்கே சேற்றுக்கோடு தெரிந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. சென்னையில் 2015-லும் 2023-லும் மூழ்கியவை இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஓட்டிப் பார்ப்பதை மண்தரையில் செய்யுங்கள், தார்ச்சாலையில் ஃபோர் வீல் போட்டு வளைக்க வேண்டாம். ஸ்கார்பியோ போன்ற வண்டிகளில் ஃபோர் வீல் போட்டால் முன் பின் ஷாஃப்ட்டுகள் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரம் அதிக தூரம் சுற்ற வேண்டும், தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாமல் பற்சக்கரங்கள் நெரிபடும். மண்ணில் லோ கியர் போட்டு, முதல் கியரில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கரைச் சரிவில் ஏறவிடுங்கள். நல்ல வண்டி தானாக ஏறும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். முன்பக்கம் டக் டக் என்று சத்தம் வந்தால் முன் சக்கர ஷாஃப்ட்டின் சி.வி. ஜாயின்ட் போய்விட்டது.

பொட்டல் பயணி:

எனக்கு இதில் வேறு கருத்து. தோப்புக்குப் போக ஃபோர் வீல் எதற்கு? பின்சக்கர இயக்கப் பொலேரோவில் நல்ல டயர் மாட்டினால் போதும். மிச்சப் பணத்தில் பிள்ளைகளை மேகமலைக்கு வாடகை ஜீப்பில் அழைத்துப் போகலாம்.

செக்காலைப் பட்டறை:

கோடையில் நீங்கள் சொல்வது சரி. காய்ந்த செம்மண் சிமென்ட் தரைக்குச் சமம். மழை பெய்த மறுநாள் கண்மாய்க் கரையில் ஏறிப் பாருங்கள். களிமண் டயர் பள்ளங்களை அடைத்துவிட்டால் எவ்வளவு நல்ல டயரும் மொட்டை டயர்தான். பின்சக்கரம் சுழன்று, வண்டியின் வால் கண்மாய்ப் பக்கம் சரியும். உள்ளே பிள்ளைகள் இருக்கும்போது அந்த ஆபத்து வேண்டாம்.

கானாடுகாத்தான் ஆச்சி:

தம்பி, நானும் வீட்டுக்காரரும் வெகுகாலமாக ஸ்கார்பியோ ஃபோர் பை ஃபோர் வைத்திருக்கிறோம். பட்டறைக்காரர் சொல்லாததைச் சொல்கிறேன். விலை பேசும் முன் ஆத்தாவை அழைத்துப்போய் ஏறி இறங்கச் சொல்லுங்கள். பக்கவாட்டுப் படியும் உள்ளே கைப்பிடியும் இல்லாமல் முழங்கால் வலிக்காரர் அந்த உயரம் ஏற முடியாது. கடைசி வரிசை பக்கவாட்டு இருக்கையாக இருந்தால் அது சாமானுக்கு மட்டும்.

தொண்டி மணலுக்குக் காற்றைப் பதினெட்டு, இருபது பி.எஸ்.ஐ. வரை இறக்கினால்தான் டயர் மிதந்து போகும். திரும்ப ஏற்ற ஒரு சின்ன கம்ப்ரஸர் வண்டியிலேயே இருக்கட்டும். உப்புக்காற்றுப் பட்ட வண்டியை அன்றைக்கே அடிப்பாகம் வரை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

இன்னொன்றை மனதார வேண்டிக் கேட்கிறேன். வனத்துறையின் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டியை விடாதீர்கள், அது குற்றம். பறவைகள் சரணாலயம் இருக்கும் நம் பக்கத்து வேட்டங்குடியில் பறவைகள் மிரளக்கூடாது என்று ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை. அங்கே கரையோரம் நிறுத்திவிட்டு நடந்து போய்ப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

கோட்டையூர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. தாரை விட்டுவிட்டேன். இரண்டு ஸ்கார்பியோ கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று வால்பாறை எஸ்டேட்டில் ஓடிய 2017 வண்டி. மற்றொன்று டெல்லிப் பதிவு, ஒன்றரை லட்சம் விலை குறைவு. பட்டறை அண்ணன், எதைப் பார்க்கலாம்?

செக்காலைப் பட்டறை:

டெல்லியில் டீசல் வண்டிக்குப் பத்து ஆண்டு என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் வரம்பு போட்டதிலிருந்து அங்கிருந்து மலிவாக வண்டிகள் தெற்கே வருகின்றன. என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு ஆயுள் வரியும் கட்டி முடித்தால் அந்த ஒன்றரை லட்சத்தில் பெரிதாக எதுவும் மிஞ்சாது.

வால்பாறை வண்டியைப் பாருங்கள். அது மழை ஊர்; சேசிஸின் உள்பக்கத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போக வேண்டும், மங்கலாகச் சத்தம் வரும் இடத்தில் துரு தின்றிருக்கும். ஆர்சியில் கடன் பதிவு இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வராமல் பணம் தராதீர்கள். ஞாயிறு காலை வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வந்ததும் நன்றாக ஆறவிட்டு, குளிர்ந்த எஞ்சினை நானே ஸ்டார்ட் செய்து பார்க்கிறேன். அதுவரை முன்பணம் வேண்டாம்.