புது பார்ட்டி: அட்வான்ஸும் எழுத்தும் இல்லாமல் கேமராவை எடுக்கலாமா?

தெப்பக்குளம்
மதுரையில் ஆறு வருடமாக வீடியோ எடுக்கிறேன். கல்யாண வேலையிலிருந்து கடை, கம்பெனி விளம்பரங்களுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் ஒரு பலகாரக் கடை வேலை. புது பார்ட்டி, பெயர் வேண்டாம். "ரெண்டு நிமிஷ வீடியோ" என்று வாயால் பேசியதோடு சரி. எடிட் முடித்துக் கொடுத்த பிறகு, "இதையே ரீல்ஸுக்கு நாலு துண்டா போட்டுக் குடுங்க" என்றார்கள். நான் எடுத்தது எல்லாம் அகல வாக்கில். நெடுக்காக வெட்டினால் அல்வா கிண்டுகிறவரின் தோளும் கையும் தெரிகின்றன, சட்டி தெரியவில்லை. இன்னொரு நாள் போய் எடுத்தேன். அதற்குக் காசு கேட்டதும், "மொதல்லயே சொல்லலையே" என்றார்கள். முதல் வேலைக்கு வரவேண்டிய பாக்கி 15,000 ரூபாயும் வரவில்லை.

இனிமேல் எழுத்தில் பேசி, பாதி அட்வான்ஸ் கைக்கு வராமல் புது பார்ட்டிக்குக் கேமராப் பையைத் திறக்கப் போவதில்லை. மற்றவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

செல்லூர்த் தறி
தம்பி, உழைத்த காசு போனது வருத்தம்தான். ஆனால் நீ எடுத்த முடிவு தப்பு. முதல் நாளே நாலு பக்கக் காகிதத்தை நீட்டினால் விளக்குத்தூண் பக்கத்தில் எந்தக் கடைக்காரரும் மறுபடி உன் போனை எடுக்க மாட்டார். "இவன் நம்மளை நம்பலை" என்றுதான் நினைப்பார்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுகிற சுங்குடிச் சேலை வியாபாரி ஒருவர் வீடியோ எடுக்கக் கூப்பிட்டார். சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதைச் சொல்லும் பலகைதான் முதல் காட்சியாக வரவேண்டும், அப்புறம் கடை முகப்பு, அப்புறம் அவர் பேச்சு என்று கேட்டார். நான் இரண்டு காலை கேமரா இல்லாமல் போய் உட்கார்ந்தேன். பின்கட்டில் சாயம் காய்ந்த சேலை, முடிச்சுகளோடு சுருங்கிக் கயிறு மாதிரி கிடந்தது. இரண்டு அம்மாக்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். படபடவென்று முடிச்சுகள் அவிழ்ந்து, அரக்குச் சிவப்பு முழுக்க வெள்ளைப் புள்ளிகள் விரிந்தன. ஒரு சேலைக்கு அது ஒரே ஒரு தடவைதான் நடக்கும், மறுபடி எடுக்க வழியில்லை. தினமும் பார்க்கிறவர் என்பதால் அவருக்கு அதைச் சொல்லவே தோன்றவில்லை. "ஷூட்டிங் அன்னைக்குப் பத்துச் சேலை பிரிக்காம வைங்க" என்று கேட்டு வாங்கினேன். படமே அதுதான். அட்வான்ஸ் நான் கேட்காமலே வந்தது.

தெப்பக்குளம்
அண்ணே, படிக்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் உங்களுக்கு ஊருக்குள் பெயர் இருக்கிறது. நான் லென்ஸ் வாடகைக்கு எடுக்கிறவன், உதவிக்கு வரும் பையனுக்கு அன்று சாயங்காலமே சம்பளம் தரவேண்டும். சம்பளமில்லாமல் இரண்டு காலை உட்கார என்னால் முடியுமா?

ஒத்தக்கடை
நான் எழுத்தின் பக்கம். ஆனால் நாலு பக்கம் எதற்கு? ஒரு மின்னஞ்சல் போதும், அவர் "சரி" என்று பதில் போட்டால் அது சட்டப்படி செல்லும்.

பலருக்குத் தெரியாத விஷயம்: 1957 பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவரே அதன் முதல் உரிமையாளர். உங்கள் இணையப் பக்கத்தில் மாதிரிக்குப் போட்டுக்கொள்ள வேண்டுமா? முதலிலேயே எழுதி வாங்குங்கள். அதேபோல் ஃபுட்டேஜ், அதாவது எடிட் பண்ணாத மூலக் காட்சிகள். 4கே தரத்தில் விநாடிக்கு 100 மெகாபிட் வைத்துப் பதிவு செய்தால் மணிக்கு 45 ஜிபி வரும். ஒரு வருடம் கழித்து வந்து கேட்பார்கள். எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்று யாரும் பேசுவதே இல்லை.

பாக்கி விஷயத்தில், உத்யம் பதிவு, அதாவது சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு, இருக்கிறதா? 2006 சிறுதொழில் சட்டப்படி, எழுத்தில் நாள் குறித்திருந்தாலும் பணம் தருவது 45 நாளைத் தாண்டக்கூடாது. எழுதவே இல்லை என்றால் 15 நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி.

செல்லூர்த் தறி
சட்டம் சரி. ஆனால் 15,000 ரூபாய்க்கு மனு போட்டு அலைகிற நாளில் இன்னொரு வேலை முடிந்துவிடும். தெப்பக்குளம் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது, அல்வா விஷயம் காகிதம் இல்லாததால் கெடவில்லை. "இதை யார் பார்க்கணும், எதில் பார்ப்பாங்க?" என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரீல்ஸ் அன்றைக்கே வெளியே வந்திருக்கும். கேட்காத விஷயம் காகிதத்திலும் வந்திருக்காது.

பசுமலை
ட்ரோனையும் முதல் நாளே பேசிவிடுங்கள். "கோபுரத்தை மேலிருந்து ஒரு சுத்து" என்று கேட்காத பார்ட்டி இல்லை. 2021 ட்ரோன் விதிகளின்படி பதிவு எண் வேண்டும், பறக்கிற இடத்தையும் அரசின் வான்வெளி வரைபடத்தில் பார்க்க வேண்டும். கோயில் மேல் பறக்க விடுகிறேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

தெப்பக்குளம்
அண்ணே, கேட்கவில்லை என்பது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கடையில் அண்ணன் தம்பி மூன்று பேர். என்னிடம் பேசியது பெரியவர். ரீல்ஸ் கேட்டது கடைசித் தம்பி. நடுவில் உள்ளவர் பாட்டை மாற்றச் சொன்னார். மூன்று பேரிடமும் கேட்டிருந்தால் மூன்று பதில் வந்திருக்கும். யார் சொல்வது முடிவு, எத்தனை தடவை கரெக்ஷன் என்று எழுத்தில் இருந்தால்தான் நான் பிடித்து நிற்க முடியும். நீங்கள் பார்த்தது ஒரே முதலாளி இருக்கிற கடை.

செல்லூர்த் தறி
அது நியாயமான பேச்சு. மூன்று பேர் உள்ள இடத்தில் நானும் திணறியிருக்கிறேன். அப்போதும் மூன்று பேரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசத்தான் பார்த்தேன், கையெழுத்து வாங்கவில்லை. அடுத்து என்ன வேலை?

தெப்பக்குளம்
மேலூர்ப் பக்கம் ஒரு அரிசி ஆலை. திங்கட்கிழமை முதல் சந்திப்பு, பதினோரு மணிக்கு வரச் சொன்னார்கள்.

செல்லூர்த் தறி
பதினோரு மணிக்கு ஆபீஸ் அறையைத்தான் பார்ப்பாய். அவித்த நெல்லைக் களத்தில் எப்போது கொட்டுகிறார்கள் என்று இன்றைக்கே போன் போட்டுக் கேள். விடிந்ததும் ஆவி பறக்கிற நேரத்தில் அங்கே நில். காகிதம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

தெப்பக்குளம்
கேட்டுவிட்டேன் அண்ணே, ஐந்தரைக்கு. போகிறேன். பதினோரு மணிக்குக் காகிதத்தையும் எடுப்பேன்.