புதுப்பிப்பு: காரைக்குடியிலிருந்து ஒருநாள் கோடைச் சுற்றுலா, வரிசையில் மாற்றம்

போன பதிவில் திருமயம் கோட்டையை மதியத்துக்கு வைத்திருந்தேன். அது தவறு, மாற்றிக்கொள்ளுங்கள். மே மாத மதியத்தில் அந்தப் பாறையில் குழந்தைகள் கால் வைக்க முடியாது. மேலே நிழலும் இல்லை.

காலை 6.30-க்கெல்லாம் பிள்ளையார்பட்டி. மதியம் நடை சாத்தினால் 4 மணிக்குத்தான் திறப்பார்கள், அதனால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். அங்கிருந்து நேரே திருமயம். கோட்டை திறந்ததும் ஏறி, 10.30-க்குள் இறங்கிவிடுங்கள். நால்வருக்கு 6 லிட்டர் தண்ணீர், குழந்தைகளுக்குத் தொப்பி.

உச்சி வெயிலுக்குக் கானாடுகாத்தானின் பழைய செட்டிநாட்டு வீடுகள்தான் சரி: உயர்ந்த கூரை, நடுமுற்றம், சுண்ணாம்புச் சுவர், உள்ளே நிஜமாகவே குளிர்ச்சி.

பிறகு ஆத்தங்குடி, கையால் தரை ஓடுகள் (டைல்ஸ்) செய்யும் ஊர். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துவார்கள். சூளையே கிடையாது, தண்ணீரில் ஊறவைத்துத்தான் இறுகும். பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்ப்பார்கள், ஒரு மணி நேரம் தாராளமாக ஒதுக்குங்கள். ஞாயிறு என்றால் வேலை நடக்கிறதா என்று முந்தைய நாளே பட்டறையில் கேட்டுவிடுங்கள்.

வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். வலசைப் பறவைகள் குளிர்காலத்தில்தான் வரும்.