பணத்தை எடுக்க 2 நொடி, திருப்பித் தர 10 நாள்: இது என்ன கணக்கு?

திண்ணைவாசி (கேள்வி)

கார்டைத் தொட்டு எடுப்பதற்குள் போனில் மெசேஜ் வந்துவிடுகிறது, பணம் போயாச்சு என்று. அதே பொருளைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் "5 முதல் 10 வேலை நாட்களுக்குள் வரவு வைக்கப்படும்" என்கிறார்கள். போன வழியாகவே திரும்பி வர வேண்டியதுதானே? போகும்போது ஞாயிறு, நள்ளிரவு, பண்டிகை எதுவும் தடையில்லை. வரும்போது மட்டும் பணத்துக்கு வார விடுமுறை.

கடையில் கேட்டால், "நாங்கள் அனுப்பிவிட்டோம், வங்கியைக் கேளுங்கள்." வங்கியில் கேட்டால், "எங்களுக்கு ஒன்றும் வரவில்லை, கடையைக் கேளுங்கள்." இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் நடுவில் பணம் எங்கே படுத்துத் தூங்குகிறது?

இன்னொரு வேடிக்கை. சில ரீஃபண்ட் அதே நாளில் சுவடே இல்லாமல் மறைந்து, ஸ்டேட்மெண்டில்கூட வருவதில்லை. சிலது பத்து நாள் இழுக்கிறது. ஹோட்டலில் ஒரே பில்லுக்கு இரண்டு முறை பிடித்த மாதிரி தெரிகிறது. விவரம் தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

நாள்முடிவு

முதலில் ஒரு திருத்தம். 2 நொடியில் பணம் போவதே இல்லை. போவது ஒரு கேள்வி, வருவது ஒரு வாக்குறுதி.

கார்டைத் தொட்டதும் கடையின் மெஷினிலிருந்து ஒரு செய்தி கடைக்காரரின் வங்கிக்கும், அங்கிருந்து கார்டு நெட்வொர்க்குக்கும் (விசா, மாஸ்டர்கார்டு போன்றவை), கடைசியாக உங்கள் வங்கிக்கும் போகிறது. "இந்தக் கார்டில் இவ்வளவுக்கு இடம் இருக்கிறதா?" என்பதுதான் அதன் சாரம். உலகில் பெரும்பாலான கார்டு செய்திகள் 1987ல் முதலில் வெளியான ஐ.எஸ்.ஓ 8583 என்ற வடிவத்தில்தான் ஓடுகின்றன. 0100 என்றால் கேள்வி, 0110 என்றால் பதில். பதிலில் இரண்டே எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். 00 என்றால் சரி, 51 என்றால் பணம் போதவில்லை, 54 என்றால் கார்டு காலாவதி, 91 என்றால் உங்கள் வங்கியின் கம்ப்யூட்டர் பதில் சொல்லும் நிலையில் இல்லை. 05 தான் எரிச்சலானது: "முடியாது, காரணம் சொல்ல மாட்டேன்" என்று அர்த்தம். கவுண்டரில் இருப்பவருக்கும் அதற்கு மேல் எதுவும் தெரியாது, அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

சரி என்றதும் உங்கள் வங்கி அந்தத் தொகையை ஒதுக்கி வைக்கிறது. இதுதான் ஹோல்டு. கணக்கில் பணம் இருக்கும், ஆனால் எடுக்க முடியாது. மொத்த இருப்பு, எடுக்கக்கூடிய இருப்பு என்று இரண்டு எண் காட்டுவது இதனால்தான். கடைக்காரர் கையில் இந்த நேரத்தில் இருப்பது 6 இலக்க ஒப்புதல் எண் மட்டும்.

நாள் முடிவில் கடையின் மெஷின் அன்றைய விற்பனை எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி அனுப்பும். அதன் பிறகுதான் வங்கிகளுக்குள் கொடுக்கல் வாங்கல் கழித்துப் பார்த்து உண்மையான பணம் நகரும். உங்கள் ஆப்பில் "நிலுவை" என்று இருப்பது "பதிவானது" என்று மாற 1 முதல் 3 நாள் ஆவதைப் பார்த்திருப்பீர்கள். ஆக, போகும்போதும் நாட்கணக்குதான். பொருள் கைக்கு வந்துவிட்டதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

ரீஃபண்டில் சிக்கல் எங்கே என்றால், அந்த முதல் கேள்வி-பதில் கட்டமே வழக்கமாக அதில் கிடையாது. பணம் தருவதற்கு யாரிடம் அனுமதி கேட்பது? அதனால் ரீஃபண்ட் நேராக நாள்முடிவுக் கட்டில் ஒரு வரியாகச் சேர்ந்து, மெதுவான பாதையில் மட்டுமே போகும். அந்தக் கோப்பு வந்து சேரும் வரை உங்கள் வங்கிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. "எங்களுக்கு ஒன்றும் வரவில்லை" என்பது அந்த நேரத்தில் சத்தியமான பதில். சமீப வருடங்களில் ரீஃபண்டுக்கும் முன்கூட்டியே செய்தி அனுப்பும் முறையை நெட்வொர்க்குகள் கொண்டுவந்திருக்கின்றன. அது வேலை செய்யும் இடத்தில் "வரவிருக்கும் வரவு" என்று அன்றே தெரியும். எல்லாக் கடை மெஷினும் அதற்கு மாறிவிடவில்லை.

பணம் தூங்கும் இடம் பெரும்பாலும் கடைதான். திரும்பி வந்த பொருளைப் பிரித்துப் பார்த்து, ஒருவர் ஓகே சொல்லி, இன்னொருவர் பட்டனை அழுத்த வேண்டும். "ரீஃபண்ட் தொடங்கப்பட்டது" என்று மெயில் வருவது பல இடங்களில் முதல் ஆள் ஓகே சொன்னதுமே. அதோடு, ரீஃபண்ட் தொகையைக் கடையின் அடுத்த விற்பனையிலிருந்துதான் கழிப்பார்கள். சின்னக் கடை, விற்பனை மந்தம் என்றால், இருப்பு சேரும் வரை பேமெண்ட் நிறுவனம் அந்த ரீஃபண்டை வரிசையில் நிறுத்தி வைக்கும்.

ரத்துரசீது

மேலே சொன்னதில் ஒரு ஒட்டு. அதே நாளில் சுவடில்லாமல் மறைவது ரீஃபண்டே இல்லை, அது வாய்டு. நாள்முடிவுக் கட்டு போவதற்கு முன்னால் விற்பனையையே ரத்து செய்துவிட்டால் எதுவும் நகர வேண்டிய தேவையே இல்லை. மெஷின் ஒரு ரத்துச் செய்தியை (0400 வகை) அனுப்பும், வங்கி ஹோல்டை எடுத்துவிடும்.

எனவே பில்லில் தவறு என்று கடையை விட்டுப் போவதற்கு முன்பே தெரிந்தால், "ரீஃபண்ட் போடுங்கள்" என்று வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள். "வாய்டு பண்ணுங்கள்" என்று கேளுங்கள். அதே மெஷினில், அதே ரசீது எண்ணை வைத்துச் செய்ய வேண்டும். பக்கத்துக் கவுண்டர் மெஷினில் அந்தப் பரிவர்த்தனை இருக்காது. புதிதாகச் சேர்ந்த ஊழியர்கள் பழக்கத்தில் ரீஃபண்ட் பட்டனைத்தான் தட்டுவார்கள், பத்து நிமிடப் பிழைக்குப் பத்து நாள் காத்திருப்பு.

வாய்டு ஆன பிறகும் ஹோல்டு போகவில்லை என்றால், மெஷினில் ரத்தானது உங்கள் வங்கியை எட்டவில்லை என்று அர்த்தம். நெட் கட்டாகும் இடங்களில் இது சகஜம். ஹோல்டு தானாகக் காலாவதியாகும். அவசரம் என்றால் வாய்டு ரசீதையும் 6 இலக்க ஒப்புதல் எண்ணையும் வைத்து வங்கியைக் கூப்பிடுங்கள். கடையிலிருந்து ஒரு வரி உறுதி கிடைத்தால் பல வங்கிகள் கையாலேயே விடுவிக்கும். டெபிட் கார்டு என்றால் இதை அலட்சியமாக விடக்கூடாது. கிரெடிட் கார்டில் முடங்குவது லிமிட், டெபிட் கார்டில் முடங்குவது உங்கள் சொந்தக் காசு.

சாவிக்கொத்து

ஹோட்டல், வாடகைக் கார், பெட்ரோல் பம்ப் மூன்றும் தனி ஜாதி. கடைசித் தொகை எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியாது, அதனால் குத்துமதிப்பாகக் கூடுதலாகவே பிடித்து வைப்பார்கள். சாதாரண ஹோல்டு ஒரு வாரத்தில் விழுந்துவிடும். இந்த முன்-ஒப்புதல் வகை 30 நாள் வரைகூட நிற்கலாம்.

இரண்டு முறை பிடித்த தோற்றம் வருவது இப்படி. செக்-இன் போது 1,000க்கு ஹோல்டு. கிளம்பும்போது பில் 640. அந்த 640ஐப் பழைய ஒப்புதலோடு இணைத்து முடித்தால் பிரச்சினையில்லை, மிச்சம் 360 விடுபடும். ஆனால் கவுண்டரில் மறுபடி கார்டை வாங்கிப் புதிதாக 640 போட்டால், உங்கள் வங்கிக்கு அது சம்பந்தமில்லாத இன்னொரு செலவு. 1,000 ஒரு பக்கம் முடங்கி நிற்கும், 640 தனியாகப் போகும்.

வேறு கார்டில் பில் கட்டினாலும் இதே கதி. ஆகவே செக்-இன்னில் கொடுத்த கார்டிலேயே கட்டுங்கள், "பழைய ஒப்புதலிலேயே முடியுங்கள்" என்று சொல்லுங்கள். கட்டாயம் வேறு கார்டுதான் என்றால், முதல் கார்டின் ஹோல்டை விடுவிக்கும்படி அங்கேயே கேட்டு வாங்குங்கள். டெபிட் கார்டை இந்த மூன்று இடங்களிலும் நீட்டாமல் இருப்பதே உத்தமம்.

திண்ணைவாசி

இப்போது புரிகிறது. ஆனால் கடையும் வங்கியும் பந்தாடும்போது எதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது? கடைக்காரர் "ரெஃபரன்ஸ் எண்" என்று ஏதோ ஒன்று தருகிறார், வங்கியில் அது செல்லாது என்கிறார்கள்.

இருபத்துமூன்று

அவர் தந்தது அநேகமாகக் கடையின் சொந்த ஆர்டர் எண்ணாக இருக்கும், அல்லது 12 இலக்க ஆர்.ஆர்.என் (பரிவர்த்தனைச் செய்தியைத் தேட உதவும் எண்). நீங்கள் கேட்க வேண்டியது ஏ.ஆர்.என் (கட்டில் போகும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கடைக்காரரின் வங்கி தரும் அடையாள எண்). சரியாக 23 இலக்கம் இருக்கும். எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். (வாய்டுக்கு இது கிடையாது, அது கட்டிலேயே ஏறவில்லை.)

அந்த எண்ணை நீங்களே படிக்கலாம். முதல் இலக்கம் வகைக் குறி. அடுத்த 6 கடைக்காரரின் வங்கியின் அடையாளம். அதற்கடுத்த 4 தேதி. பிறகு 11 இலக்கம் அந்தப் பரிவர்த்தனைக்கான எண், கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம்.

சுவாரசியம் அந்த நான்கில், அதாவது 8வது முதல் 11வது இலக்கம் வரை. முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், மீதி மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. 5046 என்று இருந்தால், 5ல் முடியும் வருடத்தின் 46வது நாள், பிப்ரவரி 15. "6ஆம் தேதியே அனுப்பிவிட்டோம்" என்று கடை சொல்லியிருந்தால், 9 நாள் அவர்களிடமே கிடந்திருக்கிறது என்று அந்த எண்ணே சொல்லிவிடும். ஏ.ஆர்.என் தரவே முடியவில்லை என்றால் ரீஃபண்ட் இன்னும் கிளம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வங்கியில் பேசும்போது "ரீஃபண்ட் வரவில்லை" என்று ஆரம்பித்தால் முதல் வரிசை ஊழியர் 10 நாள் வசனத்தைப் படிப்பார். "என்னிடம் ஏ.ஆர்.என் இருக்கிறது, இதைத் தேடிப் பார்க்க வேண்டும்" என்று ஆரம்பித்தால் விஷயம் தெரிந்தவரிடம் போகும்.

இதற்கும் மசியவில்லை என்றால் சார்ஜ்பேக், அதாவது உங்கள் வங்கி மூலமாகப் புகார் கொடுத்துக் கடையிடமிருந்து பணத்தைத் திரும்ப வாங்கும் வழி. வங்கி வழக்கமாகக் கேட்பது பொருளைத் திருப்பிய கூரியர் ரசீது, ரத்து செய்த மெயில், கடை எழுத்தில் தந்த வாக்கு. போனில் சொன்னது எதற்கும் உதவாது. பெரும்பாலான வகைகளுக்கு 120 நாள் என்ற வரம்பு உண்டு, "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று கடை இழுப்பதை நம்பி அதைத் தாண்டிவிடாதீர்கள். ரீஃபண்ட் பாதி வழியில் இருக்கும்போது சார்ஜ்பேக்கும் போட்டால் இரண்டும் வந்து, பிறகு கடை ஏ.ஆர்.என்னைக் காட்டி ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளும்.

கடைசிதேதி

கிரெடிட் கார்டுக்காரர்களுக்கு மட்டும் சில. ஸ்டேட்மெண்ட் போட்ட பிறகு வரும் ரீஃபண்டைப் பல வங்கிகள் நீங்கள் கட்டிய தவணையாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஸ்டேட்மெண்டில் 5,000, பிறகு ரீஃபண்ட் 5,000 வந்தது, சரியாகிவிட்டது என்று சும்மா இருந்தால் தாமதக் கட்டணம் விழலாம். குறைந்தபட்சத் தொகையையாவது கட்டிவிட்டு வங்கியிடம் கேளுங்கள், கூடினது அடுத்த மாதத்துக்கு ஆகும்.

வெளிநாட்டு நாணயத்தில் வாங்கியது என்றால் திரும்பி வரும் தொகை அப்படியே இருக்காது. வாங்கியபோது ஒரு மாற்று விகிதம், ரீஃபண்ட் பதிவாகும்போது வேறொன்று. கடை முழுத் தொகையும் தந்திருக்கும், உங்களுக்குக் குறைவாகவோ சில சமயம் கூடுதலாகவோ வரும்.

திண்ணைவாசி

ஒன்று மட்டும் விட்டுப்போச்சு. இடையில் கார்டு தொலைந்து புது எண் வந்திருந்தால்? கடைக்காரர் பழைய கார்டுக்குத்தான் போடுவேன் என்று அடம்பிடிப்பார்களே.

நாள்முடிவு

அடம் சரியானது. வாங்கிய கார்டுக்கே திருப்பித் தர வேண்டும் என்பது நெட்வொர்க் விதி. ஒரு கார்டில் வாங்கி இன்னொன்றில் ரீஃபண்ட் வாங்குவது திருட்டுக் கார்டைக் காசாக்கும் பழைய வித்தை. கார்டு மாறியிருந்தாலும் அதே வங்கியில் கணக்கு உயிரோடு இருந்தால், பழைய எண்ணுக்கு வந்ததை வங்கி கணக்கில் சேர்த்துவிடும். ஒன்றிரண்டு நாள் கூடலாம்.

கணக்கையே மூடிவிட்டால்தான் தலைவலி. வங்கி அதைத் திருப்பி அனுப்பலாம், அல்லது தனிக் கணக்கில் போட்டுவிட்டு நீங்கள் கேட்கும் வரை பேசாமல் இருக்கலாம். ஏ.ஆர்.என்னோடு மூடிய கணக்கின் வங்கிக்குப் போங்கள். அங்கிருந்து திரும்பிவிட்டது என்றால் அதை எழுத்தில் வாங்கிக் கடையிடம் கொடுங்கள். அப்போதுதான் அவர்கள் வேறு வழியில் தர முடியும்.

கடைகள் ஏன் "பணத்துக்குப் பதில் எங்கள் கூப்பன் வாங்கிக்கொள்ளுங்கள், உடனே தருகிறோம்" என்று அவ்வளவு பாசமாகக் கேட்கின்றன தெரியுமா? விற்பனையின்போது கட்டிய கார்டு கட்டணத்தை ரீஃபண்ட் செய்தாலும் பல பேமெண்ட் நிறுவனங்கள் திருப்பித் தருவதில்லை. கூப்பன் என்றால் அந்த நஷ்டமும் இல்லை, பணமும் கடையிலேயே இருக்கும். அதனால்தான் அது மட்டும் 2 நொடியில் வருகிறது.