நனைந்த போனும் நான்கு நாள் அரிசியும்: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

கடற்கரை ஒழுங்கை, வெள்ளவத்தை

இரண்டு மாதம் ஆகிவிட்டது, இன்னும் மனம் ஆறவில்லை. வெள்ளவத்தையில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கற்கள் தெரியும்தானே. பின்னேரம் ஆறு மணி, தென்மேல் பருவக் கடல். “பின்னுக்கு வாங்கோ” என்று மனைவி சொல்லி முடிக்கவில்லை, இடுப்பு வரை நனைந்துவிட்டேன். போன் கால்சட்டைப் பையில்.

எடுத்ததும் முதல் வேலையாகப் பவர் பட்டனை அழுத்தினேன். கையில் ஒரு சின்ன அதிர்வு. லோகோ வந்தது. அப்பாடா என்றேன். மூன்று எண்ணுவதற்குள் திரை கறுத்துவிட்டது. பின்பக்கம் இளஞ்சூடு.

அப்புறம் எல்லாரும் செய்வதுதான். அம்மாவின் கீரிச்சம்பா அரிசி வாளிக்குள் நான்கு நாள். இதில் வெட்கம் என்னவென்றால், தினமும் காலையில் வெளியே எடுத்து ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பப் புதைத்தேன்.

ஐந்தாம் நாள் பம்பலப்பிட்டியில் ஒரு கடை. இருபது வயதுப் பையன். திறந்து, போர்டின் மேல் இருந்த சின்னத் தகர மூடியை நெம்பி எடுத்தான். உள்ளே பச்சை. காய்ந்த சுண்ணாம்பைப் பச்சையாக நினைத்துப் பாருங்கள், அப்படி. “முஹுது வத்துரத?” என்று சிங்களத்தில் கேட்டான். ஆம், கடல் தண்ணீர் என்றேன். எப்போது என்று கேட்டான். சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. ட்வீசர் முனையால் ஒரு துண்டைத் தொட்டான். அது மா மாதிரி உதிர்ந்தது.

மகளின் இரண்டு வயதுப் படங்கள் எல்லாம் அதில்தான். பேக்கப் இருந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா

தம்பி, கடலில் நனைத்துவிட்டு அரிசியைக் குறை சொன்னால் எப்படி? என்னுடைய போன் அரிசி களைந்த சட்டிக்குள்ளேயே விழுந்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக் கதைத்துக்கொண்டே களைந்தால் வேறு என்ன நடக்கும். எடுத்துத் துடைத்து, ஓஃப் செய்து, காய்ந்த அரிசிக்குள் இரண்டு நாள் போட்டேன். இரண்டு வருடமாக வேலை செய்கிறது. இதை அதில்தான் எழுதுகிறேன்.

ஒரே ஒரு கரைச்சல். மூன்றாம் நாள் சார்ஜர் போகவில்லை. டோர்ச் அடித்துப் பார்த்தால் ஓட்டைக்குள் ஒரு குறுணி, கழுத்தை நீட்டிக்கொண்டு இருக்கிறது. ஊசியால் கிண்டி எடுக்க அரை மணித்தியாலம் போயிற்று. வெளியே வந்தபோது அது ஊதி, பாதி சோறு.

புறக்கோட்டை சோல்டர்

அக்கா, கோபிக்க வேண்டாம். உங்கள் போனைக் காப்பாற்றியது அரிசி இல்லை, நீங்கள் ஓஃப் செய்ததுதான். அந்த இரண்டு நாள் போனை ஃபேனுக்குக் கீழே வைத்திருந்தாலும் இதே போன் இதே மாதிரி வேலை செய்திருக்கும், ஊசி வேலையும் இருந்திருக்காது.

பதினொரு வருடமாகத் திருத்துகிறேன். மனதில் நிற்பது ஒரு ஓட்டோக்கார அண்ணன். சொப்பிங் பேக் நிறைய சம்பா, அதற்குள் போன். மேசையில் வைத்து, அரிசியோடு சேர்த்தே என் பக்கம் தள்ளினார். போனை எடுத்துக் குலுக்கினேன், ஸ்பீக்கர் ஓட்டையிலிருந்து தண்ணீர் சொட்டி அவருடைய அரிசி மேலேயே விழுந்தது. மூன்று நாள் அரிசிக்குள் இருந்த போன் அது! அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். போனை விட்டுவிட்டு அரிசியைக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்.

சரி, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அரிசி தன்னைத் தொடும் தண்ணீரை உறிஞ்சும். போர்டில் இருக்கும் சிப்புகளுக்கு அடியில், தகர மூடிக்குக் கீழே தலைமயிர் அளவு இடைவெளியில் நிற்கும் தண்ணீரை அது எப்படித் தொடும்? அதோடு கொழும்புக் காற்றே ஈரம். திறந்த வாளியில் கிடக்கும் அரிசி குடிக்க வேண்டியதை முன்னமே குடித்து முடித்திருக்கும். மிச்சம் இருப்பது அதன் தூசுதான், ஈரத்தில் பட்டால் பசை. ஆப்பிள்காரரே 2024 இல் தங்கள் உதவிப் பக்கத்தில் அரிசிப் பைக்குள் போடாதீர்கள், சிறு துகள்கள் போனைக் கெடுக்கலாம் என்று எழுதினார்கள்.

தண்ணீர் தனியாகக் கொல்வது குறைவு. தண்ணீரும் கரண்டும் சேர்ந்துதான் கொல்லும். பற்றரியில் சுமார் நான்கு வோல்ட் இருக்கிறது. உப்புத் தண்ணீர் பட்ட இடத்தில் அந்த நான்கு வோல்ட் செம்பைக் கரைத்து இழுத்துக்கொண்டு போகும். வெள்ளவத்தைக்காரர் பார்த்த பச்சை அதுதான். ஓஃப் செய்தாலும் பற்றரி பூட்டியிருக்கும்வரை சில பாதைகளில் கரண்ட் இருக்கும். அதனால்தான் எங்கள் முதல் வேலை, திறந்து பற்றரி வயரைக் கழற்றுவது. பிறகு டிஸ்பிளேயையும் பற்றரியையும் ஒதுக்கி வைத்துவிட்டு, போர்டை மட்டும் 99 வீத ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் ஊறவைத்து மெல்லிய பிரஷ்ஷால் தேய்ப்போம். அது தண்ணீரை இடம்பெயர்த்துவிட்டுத் தானும் ஆவியாகிவிடும். பாமசி ஸ்பிரிட்டை வாங்கி ஊற்றாதீர்கள், அது பெரும்பாலும் 70 வீதம், மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். முழுப் போனையும் அதில் முக்கவும் கூடாது, திரையின் பசை போய்விடும்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சார்ஜரில் இருந்தால் முதலில் சுவர் சுவிட்சை நிறுத்துங்கள். போனை ஓஃப் செய்யுங்கள். சிம் தட்டை வெளியே எடுத்து, ஓட்டையைக் கீழே பார்க்கவைத்து உள்ளங்கையில் தட்டுங்கள். கடல் தண்ணீர், பிளேன்டீ, சோடா என்றால் ஓஃப் ஆன பிறகு நல்ல தண்ணீரில் கெதியாக அலசுங்கள். பைத்தியம் என்பீர்கள், ஆனால் உப்பும் சீனியும் உள்ளே காய்வதைவிட அது மேல். அலசியதும் நேரே கடைக்கு. ஹெயார் டிரையர் வேண்டாம், தண்ணீரை உள்ளே தள்ளும், பசையையும் இளக்கும். வெயிலில் பல்கனியில் வைப்பவர்களுக்குப் பற்றரி ஊதும்போது புரியும்.

கொட்டாஞ்சேனை அக்கா

நான் சொன்னது ஒன்று, வந்தது ஒரு பாடப்புத்தகம். நல்லது தம்பி. என் போன் இன்னும் வேலை செய்கிறது.

தெகிவளைப் பேரன்

போன் கதை இல்லை, சேர்க்கலாமா தெரியாது. தாத்தாவின் காது மிஷின்.

ஆடிவேல் தேர் பார்க்கக் காலி வீதிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ரதம் கிட்ட வரும்போது மழை. குடை இரண்டு, ஆட்கள் ஆறு. வீட்டுக்கு வந்து பார்த்தால் மிஷின் ஊமை. நான் வெள்ளவத்தை அண்ணனைப் போல அரிசி என்று ஓடவில்லை, பயத்தில் ஒன்றுமே செய்யவில்லை, அதுதான் உண்மை. பக்கத்து வீட்டு அன்ரி வந்துதான் பற்றரிக் கதவைத் திறந்து, அந்தக் குட்டிப் பற்றரியை வெளியே போட்டார். அது காற்றை இழுத்து வேலை செய்யும் சாதி, சின்ன ஓட்டைகள் இருக்கும், நனைந்ததைத் திரும்பப் போடாதே என்றார். குழாயைக் கழற்றி ஊதினோம். ஒரு ஜாம் போத்தலைக் காயவைத்து, சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பைகளை வீடு முழுக்கத் தேடிப் போட்டு, மேலே மிஷினை வைத்து இறுக்கி மூடினோம்.

மூன்று நாள். தாத்தா அந்த மூன்று நாளும் எல்லாவற்றுக்கும் சிரித்துத் தலையாட்டினார். பால்காரர் காசு கூட்டிச் சொன்னதுக்கும் தலையாட்டினார்.

நான்காம் நாள் புதுப் பற்றரி போட்டுக் காதில் வைத்தோம். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அவர் அண்ணாந்து பார்த்தார். “இந்த ஃபேன் இவ்வளவு சத்தமா?” என்றார். நாங்கள் சிரித்தோம், அவருக்கு ஏன் என்று விளங்கவில்லை. அந்த ஃபேனுக்குப் பிறகு எண்ணெய் விட்டோம்.

வாஷிங் மெஷினில் கார் சாவி

என்னுடையதைக் கெதியாகச் சொல்லி முடிக்கிறேன். ரிமோட் சாவி, டெனிம் பை, முழு வொஷ், ஸ்பின் உட்பட. நாணயத்தால் நெம்பித் திறந்து சிஆர்2032 பற்றரியை எறிந்தேன், போர்டை மேசையில் இரண்டு நாள் விட்டேன், புதுப் பற்றரி போட்டேன். திறந்தது. சவர்க்கார வாசம் மட்டும் ஆறு மாதம் போகவில்லை.

வெல்லம்பிட்டிய 2016

சோல்டர் அண்ணை சொன்ன அலசுகிற கதையைப் படித்ததும் அந்த மே மாதம் திரும்ப வந்தது. களனி கங்கை பெருகிய வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் நெஞ்சளவு. இறங்கிய பிறகு போனால் சுவரில் ஒரே நேர்கோடு, அதற்குக் கீழே எல்லாம் ஒரே நிறம்.

மேசை லாச்சி ஊதி இறுகிவிட்டது. தம்பி அலவாங்கால் நெம்பினான். உள்ளே சேறு. அந்தச் சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவி மூன்று பென் டிரைவையும் கமெராவின் மெமரி கார்டையும் எடுத்தேன். அக்காவின் கல்யாணப் படங்கள். நான் பைப்பைத் திறந்து அவற்றைக் கழுவத் தொடங்கினேன். அம்மா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது: “வெள்ளத்தில் நனைஞ்சது காணாதே, நீ வேற நனைக்கிறியா!”

கழுவினேன். பழைய பல் பிரஷ்ஷால் முனையில் இருந்த மண்ணைத் தேய்த்தேன். கரண்ட் இல்லை, வேறு வேலையும் இல்லை, ஒரு கிழமை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். பிறகு சிநேகிதனின் கொம்பியூட்டரில் ஒவ்வொன்றாகப் போட்டோம். கார்ட் உடனே திறந்தது. பென் டிரைவ் மூன்றில் இரண்டு. மூன்றாவது செருகியதும் சூடாகியது, பிடுங்கிவிட்டேன். படங்கள் கார்டில்தான் இருந்தன. கரண்ட் இல்லாமல் நனைந்ததால் அவை தப்பின என்று நினைக்கிறேன், அண்ணை திருத்தலாம்.

அதே வெள்ளத்தில் என் போன் பையில் ஓனில் இருந்தபடியே நனைந்தது. அதற்கு அரிசி தேட வீட்டில் அரிசியே இருக்கவில்லை.

ஐபி68 ஆள்

மன்னிக்கவும், இந்தக் காலத்திலும் தண்ணீர் போகிற போன் வாங்குகிறீர்களா? என்னுடையது ஐபி68, அதாவது தண்ணீர் தாங்கும் என்று பரிசோதித்த தரம். நான் நீச்சல் குளத்துக்குள் படம் எடுக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

புறக்கோட்டை சோல்டர்

வெல்லம்பிட்டிய தம்பி, திருத்த ஒன்றும் இல்லை. மெமரி கார்டின் சிப் பிளாஸ்ரிக்கில் வார்த்து மூடியிருக்கும், அதற்குள் தண்ணீர் போவது கஷ்டம். சூடான பென் டிரைவை எறியாமல் வைத்திருந்தால் கொண்டு வாருங்கள்.

ஐபி68 ஆளுக்கு: அந்தப் பரிசோதனை புதுப் போனை அசையாத நல்ல தண்ணீரில் வைத்துச் செய்வது. கடலும் குளோரினும் அதில் இல்லை. ஒருமுறை விழுந்த போனுக்கும், எங்களைப் போன்றவர்கள் ஒருமுறை திறந்து ஒட்டிய போனுக்கும் அந்த அடைப்பை (சீல்) நம்பாதீர்கள். சிம் ஓட்டைக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள், பல போன்களில் உள்ளே ஒரு குட்டி ஸ்டிக்கர் இருக்கும், தண்ணீர் பட்டால் சிவக்கும். வெள்ளையாக இருந்தால் அதில் இன்னும் தண்ணீர் படவில்லை. சிவந்திருந்தால் வாரண்டி என்று வாய் திறக்கமுன் யோசியுங்கள்.

ஐபி68 ஆள்

பார்த்தேன். இளஞ்சிவப்பு. அது எந்தக் கணக்கு?

கடற்கரை ஒழுங்கை, வெள்ளவத்தை

எல்லாருக்கும் நன்றி. அந்தப் பையன் போர்டை இவ்வளவு நாளும் வைத்திருந்தான். நேற்று அழைத்தான். வேறொரு போர்டிலிருந்து இரண்டு துண்டு எடுத்துப் போட்டானாம், ஐந்து நிமிடம் ஓன் ஆகி நிற்கிறதாம், பிறகு அணைந்துவிடுகிறதாம். ஐந்து ஐந்து நிமிடமாகப் படங்களை இறக்கிக்கொண்டிருக்கிறான். இதுவரை நூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் மழையில் எடுத்த அடுத்த வீட்டுப் பூனை. மகள் இன்னும் வரவில்லை.

கொட்டாஞ்சேனை அக்கா

வருவா. அது சரி தம்பி, அந்த நான்கு நாள் கீரிச்சம்பாவை என்ன செய்தீர்கள்?

கடற்கரை ஒழுங்கை, வெள்ளவத்தை

அம்மா சமைத்துவிட்டார். மூன்று தரம் களைந்தாராம்.